இரண்டு டயர் பாக்கி

எந்த நாட்டுப் போட்டி உசத்தி என்று கேட்டான்
மொண்டெல்லோ வேலியோரம் உருளை வறுவல் விற்பவன்.
கையில் நெம்புகம்பி. மண்டியில் சேறு.
மழை அதன் பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது.
இரு, இதை மாட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.
சொல்லவே இல்லை.

எபிசுவில் பக்கத்து வேலிக்குள் சிங்கம் உண்டு.
காலையில் முதல் எஞ்சின் உறுமினால் அதுவும் உறுமும்,
நாலாவது காருக்குள் சலித்துப் படுத்துவிடும்.
அங்கே காரை ஓட்டுவதில்லை, எறிகிறார்கள்.
வளைவு இன்னும் எங்கோ கிடக்கும்போதே
பின்புறத்தை முன்னால் அனுப்பிவிட்டு
கடன் கொடுத்தவன் வாசலைக் கடப்பவர்போல்
பக்கவாட்டிலேயே போவார் குரோசே.
முன்சக்கரம் ஒரு திசை, மூக்கு ஒரு திசை,
போவதென்னவோ மூன்றாவது திசை.
யானைக்கு அடி சறுக்கினால் பழமொழி.
இங்கே சறுக்காவிட்டால் பூஜ்யம்.

தனியோட்டத்துக்கு மதிப்பெண் போடுவது ஒரு பெட்டி.
வேகம், கோணம், திரும்பிய அந்த ஒரு நொடி
எல்லாம் அளந்து எண்ணாக்கி அனுப்பும்.
தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு.
குரோசே எண்ணுக்குத் தலை வணங்குவார்.
பெட்டிக்கு முகமில்லை, சண்டை போட வழியில்லை.
ஒரே ஒருமுறை, தொண்ணூற்றொன்று வந்த அன்று,
பாட்டு நின்றுபோன ரேடியோவைத் தட்டுவதுபோல்
லேசாகத் தட்டிப் பார்த்தார்.

லாங் பீச்சில் பெட்டியின் பேச்சு எடுபடாது.
மேடைமேல் மூன்று பேர். ஒருவர் சூரியகாந்தி விதை கொறிக்கிறார்.
ஊர்த் தெருவை கான்கிரீட்டால் அடைத்துச் செய்த தடம்.
அந்தச் சுவரைப் பின் பம்பர் தொட வேண்டும்.
தொடாதவன் கோழை, இடித்தவன் முட்டாள்,
இரண்டுக்கும் நடுவே ஒரு பூச்சு பெயிண்டின் கனம்.
ரூபென் அல்டெரெட்டே தன் நீலத்தைச்
சுவரில் கையெழுத்தாகப் போட்டுவிட்டுப் போனான்.
கூட்டம் எழுந்து நின்றது. நானும்தான், மறந்துபோய்.

துரத்தும் சுற்றில் குரோசே பின்னால்.
நடுவளைவில் ரூபென் கோடு தவறினான், கொஞ்சம்தான்.
இவர் தவறவில்லை.
தன் கோட்டில், தன் கோணத்தில்,
யாருமே முன்னால் இல்லாததுபோல்
இரண்டு கார் தூரத்தில் அவ்வளவு அழகாக வந்தார்.
மூன்று விரலும் ரூபென் பக்கம்.

அவன் போனது தப்பான கோடு என்றார்.
தப்பென்று நிழல் விலகிப் போகுமா என்றேன்.
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.
அவர் டாக்கோ மூன்று தின்றார், நாலாவதை
என் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இங்கே ஃபியக்ரா டுலியின் காரில் ஆயிரம் குதிரை,
அதில் நூறுக்குத்தான் அவன் பேச்சு கேட்கும்.
ஈரத்தில் முன்னால் அவன் வீசினான்.
பின்னால் குரோசே, கதவுக்கும் கதவுக்கும் நடுவே
ஒரு மடித்த குடை நுழையாது.
கடைசி வளைவில் அவன் வால் புல்லுக்குள் இறங்கி
சேற்றை வாரியடித்து மேலேறியது.
அடுத்த மூச்சில்
அதே புல்லுக்குள், அதே அளவு இறங்கி
அதே சேற்றை வாரியடித்து ஏறினார் குரோசே.

பெட்டியாயிருந்தால் பாதி எண் பறிபோயிருக்கும்.
நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
இன்னொருமுறை, இன்னொருமுறை என்று
கொடியும் பீரும் ஆட்டியது மலைச்சரிவுபோல் கூட்டம்.
சரி, இன்னொருமுறை.

ரேடியோவில் அவர் குரல் இரைத்தது:
உசுய், டயர் இருக்கிறதா?
இரண்டே இரண்டு என்றேன்.
போதும். பின்னால் இரண்டுதானே.

முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த புல்லைத்
துடைக்கப் போனேன்.
அதை விடு என்றார்.